கொலைக்கு முந்தைய பாடம்

எங்கள் வரலாற்று சேர் யூத இனப்படுகொலையைப் படிப்பிக்கத் தொடங்கிப் பல பாடவேளைகள் போயும் அதில் ஒரு கொலைகூட வரவில்லை. வதைமுகாம், நச்சுவாயு என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்த பின்வாங்குக்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. சேரோ ஜெர்மனியின் நாசி அரசு 1933இல் யூதர்களை அரச வேலையிலிருந்து நீக்கியது, 1935இல் நூரம்பேர்க் சட்டங்களால் குடியுரிமையைப் பறித்தது, 1938 நவம்பரில் யூதப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளிலிருந்து விரட்டியது என்று ஆறுதலாகப் போய்க்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒருநாள் கணக்குப் பாடத்துக்கு வந்தார். நாசிகள் காலத்துக் கணக்குப் புத்தகங்களில், மனநோயாளிகளைப் பராமரிக்க அரசுக்கு எவ்வளவு செலவாகிறது, அந்தப் பணத்தில் எத்தனை வீடு கட்டலாம் என்றெல்லாம் பிள்ளைகளிடம் கேட்டிருந்தார்கள். 1939இலிருந்து அத்தகைய நோயாளிகளை அரசே கொல்லத் தொடங்கியது. 1942 ஜனவரியில் பெர்லினின் வான்சே பகுதியில் கூடி யூதர்களை அழிக்கும் ஏற்பாடுகளைப் பேசிய 15 நாசி அதிகாரிகளில் 8 பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். படிப்பு மனிதரைத் திருத்திவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். சேரும் ஓர் ஆசிரியர்தான். இருந்தும் அதை எங்களிடம் மறைக்கவில்லை.

பின்னாளில் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவைப் பற்றி வாசித்தபோது இதே வரிசையைக் கண்டேன். பெல்ஜிய ஆட்சி 1930களில் கொடுத்த அடையாள அட்டையில் ஹூட்டு, டுட்சி என்று இனம் எழுதியிருந்தது. அந்த வழக்கம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. பள்ளிகளில் டுட்சிப் பிள்ளைகளைத் தனியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். வானொலி அவர்களைக் கரப்பான்பூச்சி என்றது. 1994 ஏப்ரலில் டுட்சிகளைக் கொல்லத் தேடிய ஹூட்டு தீவிரவாதிகள் சாலைத் தடைகளில் அந்த அட்டையைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 100 நாள்களில் 8 லட்சம் பேர்வரை கொல்லப்பட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மனத்தில் பகை வளரும் என்பவர்கள் உண்டு. ருவாண்டாவில் பகை பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வளர்க்கப்பட்டது. பேசாமல் விட்டிருந்தாலும் பிள்ளைகளை எழுப்பி எண்ணுவது நின்றிருக்காது.

ஒரு பிணத்தின் படத்தைக்கூட சேர் காட்டியதில்லை. அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். நான் இப்போது வாழும் நாட்டில் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் உண்டு. நினைவுநாள், மெழுகுவர்த்தி, படக்காட்சி எல்லாம் உண்டு. கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் என்ற எண்ணைக் கேட்டவுடன் சொல்வார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தார், பள்ளி அதிபர் எந்தப் பட்டியலில் கையெழுத்திட்டார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். அழுகை இரண்டு நாளில் வற்றிவிடும். நடைமுறை தெரிந்திருந்தால்தானே அடுத்த பட்டியலைக் கண்டதும் பிடிபடும்?

சேருக்குப் பிடித்தது டென்மார்க் கதை. 1943 அக்டோபரில் நாசிகளின் பிடியில் இருந்த அந்நாட்டு மக்கள் மீன்பிடிப் படகுகளிலும் பிறவற்றிலும் 7,000க்கும் மேற்பட்ட யூதர்களைக் காப்பாற்றிக் கடல்தாண்டி சுவீடனுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உயரும். பரீட்சைக்கு வராத பகுதி என்று நாங்கள் குறிப்பெடுக்கவில்லை, அது வேறு விஷயம்.

நம் சங்கத்தில் ஆசிரியர்களாக இருப்பவர்கள், பாடத்திட்டத்தில் இதற்கு நேரம் போதாது என்கிறார்கள். உண்மைதான். அப்படியானால் முகாம்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை 1933க்கும் 1939க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்குக் கொடுங்கள். டென்மார்க்குக்கும் ஒரு கால்மணி நேரம் வையுங்கள்.