வரைபடம் மட்டும் போதாது

மின்வாகன மோட்டார் தயாரிக்கும் தொழிற்சாலையில் என் வேலை மோட்டார் செய்வதல்ல. மோட்டாருக்கு வேண்டிய உருப்படிகளைச் செய்பவர்களைத் தேடிப் பிடித்து, அந்த வேலைக்குத் தயார்படுத்துவது. ஆர்டர் போடுவதும் விலை பேசுவதும் பர்ச்சேஸ் துறையின் பாடு. அந்த ஆர்டரை ஏற்றுச் செய்யக்கூடிய பட்டறை எங்கள் வட்டாரத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் யாரை அந்த நிலைக்குக் கொண்டுவரலாம் என்று பார்ப்பது என் துறையின் பாடு.

பெட்ரோல் எஞ்சினோடு வைத்துப் பார்த்தால் மோட்டாரில் உருப்படிகள் குறைவு. ஸ்டேட்டர் என்ற அசையாத பகுதி, ரோட்டர் என்ற சுழலும் பகுதி, செம்புக் கம்பி, காந்தம், ஷாஃப்ட், பேரிங், அலுமினிய உறை, ரோட்டரின் நிலையைச் சொல்லும் ஒரு சென்சார், அவ்வளவுதான். அதனால் இதன் சப்ளை செயின் சுலபம் என்று நினைப்பவர்கள் எங்கள் நிர்வாகத்திலேயே உண்டு. உண்மையில் உருப்படி குறையக் குறைய ஒவ்வொன்றின் மீதும் விழும் பாரம் கூடுகிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் உலோகம், ரசாயனம், வெப்பச் சிகிச்சை என்று தனித்தனித் தொழில்கள் நீண்டு கிடக்கின்றன. அவற்றில் எது நின்றாலும் அசெம்பிளி லைன் நிற்கும்.

லேமினேஷனை, அதாவது ஸ்டேட்டரும் ரோட்டரும் செய்ய அடுக்கும் மெல்லிய எஃகுத் தகடுகளை, சற்று விரிவாகச் சொல்கிறேன். வட்டாரத்தில் செய்யவே முடியாது என்று எல்லோரும் கைவிட்ட உருப்படி அதுதான்.

பம்பு மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் காலங்காலமாக ஸ்டாம்பிங், அதாவது பிரஸ்ஸில் வெட்டிய தகடு, அடித்துக் கொடுத்த ஒரு பட்டறை. அதன் உரிமையாளர் தகட்டை வெட்டும் அச்சான டையைப் பொருத்தும் டை செட்டராக வேலையைத் தொடங்கி, சொந்தமாக பிரஸ் போட்டு வளர்ந்தவர். எங்கள் வரைபடத்தை மேஜையில் விரித்துப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, பிசிறு இருபது மைக்ரானுக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கீங்க. நான் அம்பதுல அடிச்ச ஸ்டாம்பிங் இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு. எதுக்கு இந்தக் கெடுபிடி?"

அதற்கு முன் அவரிடம் போன தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் "வரைபடத்துல அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பிசிறு என்பது வெட்டிய ஓரத்தில் நீட்டி நிற்கும் உலோகக் கூர். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பம்பு மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதற்கு அரை மில்லிமீட்டர் தகடு போதும். எட்டுத் துருவ மின்வாகன மோட்டார் நிமிடத்துக்கு 12,000 சுற்றில் ஓடும்போது ஸ்டேட்டருக்குள் 800 ஹெர்ட்ஸ். அதிர்வெண் 16 மடங்கு. தகட்டுக்குள் உண்டாகும் சுழல் மின்னோட்டத்தின் இழப்போ அதிர்வெண்ணின் இருமடிக்கேற்ப ஏறுகிறது, அதாவது 256 மடங்கு. அதை அடக்கத்தான் தகட்டின் தடிமனை 0.3 மில்லிமீட்டருக்கும் கீழே கொண்டுபோகிறோம். தடிமன் பாதியானால் இந்த இழப்பு நான்கில் ஒன்றாகும். ஒவ்வொரு தகட்டின் மேலும் மைக்ரான் கணக்கில் ஒரு காப்புப் பூச்சு இருக்கிறது. பிசிறு நீளமாக நின்றால் அந்தப் பூச்சைக் குத்திக்கொண்டு பக்கத்துத் தகட்டைத் தொட்டுவிடும்.

"ரெண்டு தகடு ஒட்டிக்கிட்டா மின்சாரத்துக்கு அது ஒரே தகடுதான் அண்ணே. மெல்லிசா வாங்கின காசு அத்தனையும் வீண்" என்றேன்.

வாயால் சொன்னதோடு விடவில்லை. புதிதாகச் சாணை பிடித்த டையில் அடித்த வளையங்களை ஓர் அடுக்காகவும், மழுங்கிய டையில் அடித்ததை இன்னோர் அடுக்காகவும் வைத்து, இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் கம்பி சுற்றி, ஒரே அதிர்வெண்ணில் மின்சாரம் கொடுத்து வாட் அளந்து காட்டினோம். வித்தியாசம் மீட்டரில் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஓடியபின் கையை வைத்துப் பார்த்தால் சூட்டிலும் தெரிந்தது. அவர் இரண்டு வளையங்களை எடுத்து நகத்தால் ஓரத்தை வருடிப் பார்த்தார். எந்த ஓரம் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று லென்ஸ் இல்லாமலே சொன்னார்.

அதன் பிறகு அந்தப் பட்டறையில் நடந்தவை எங்கள் வரைபடத்தில் எழுதாத விஷயங்கள். புகார் வந்த பிறகு டையைக் கழற்றிச் சாணை பிடிக்கும் பழக்கம் போய், இத்தனை அடிக்கு ஒருமுறை என்று கணக்கு வந்தது. சிலிக்கான் கலந்த எஃகு டையைச் சீக்கிரம் தின்னும் என்பதால் தகட்டை வெட்டும் பஞ்ச் முனைக்குக் கார்பைடு என்ற கடினமான பொருளைப் போட்டார். சுருளாக வரும் தகட்டின் ஒரு பக்கம் துளி தடிப்பாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இருக்கும். அப்படியே அடுக்கினால் ஸ்டேட்டர் ஒரு பக்கம் உயர்ந்துவிடும். தகடுகளைத் தொகுதி தொகுதியாகத் திருப்பி வைத்து அடுக்கினால் உயரம் சமமாகும் என்ற யோசனையை அவரே கொண்டுவந்தார். காரணம் தெரிந்தவருக்குத்தான் அடுத்த யோசனை தோன்றும். இந்த வேலையில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு வரைபடத்தோடும் ஒரு காரணத் தாள் போகிறது. கடுமையான ஒவ்வோர் அளவுக்கும் எதிரில் ஒரு வரி: இது ஏன், மீறினால் மோட்டாரில் என்ன ஆகும். டிசைன் துறையில் முதலில் எதிர்ப்பு இருந்தது. தொழில் ரகசியம் போய்விடும் என்றார்கள். பிசிறு தகட்டைக் குறுக்கிணைக்கும் என்பது யாருக்கும் ரகசியமில்லை என்று வாதாட வேண்டியிருந்தது.

செம்புக் கம்பியிலும் இதே கதை. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் நொடிக்குப் பத்தாயிரம் முறை அளவில் மின்னழுத்தத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டிலும் அழுத்தம் சட்டென்று எகிறும். கம்பியின் மேல் காப்பாகப் பூசிய எனாமலில் நுண்ணிய துளையோ, கம்பிகளுக்கிடையே காற்று இடைவெளியோ இருந்தால் அங்கே பகுதி மின்னிறக்கம் என்ற நுண்ணிய மின்பொறி தொடங்கி, காப்பு மெல்ல மெல்ல அரிக்கப்படும். 400 வோல்ட் வண்டிகள் 800 வோல்ட்டுக்குப் போகும்போது இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. பட்டைக் கம்பியை ஹேர்பின்னாக, அதாவது கொண்டை ஊசி வடிவில், வளைக்கும்போது வெளி வளைவில் எனாமல் இழுபட்டு மெலியும். இதைக் கம்பிக்காரரிடம் சொன்ன பிறகுதான், நேர்க் கம்பியைச் சோதித்து அனுப்பிக்கொண்டிருந்தவர் வளைத்த கம்பியையும் சோதிக்க ஆரம்பித்தார்.

காந்தம் வேறு உலகம். வலிமையான நியோடிமியம் காந்தத்தின் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமங்கள். ஒரு காரின் மோட்டாருக்கு ஒன்றிரண்டு கிலோ காந்தம் போதும், ஆனால் அது வந்து சேரும் பாதை நீளமானது. தாதுவை வெட்டி, தனிமங்களை நூற்றுக்கணக்கான கலக்கி-பிரிப்பான் தொட்டிகள் வழியே ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து, ஆக்சைடை உலோகமாக்கி, கலவை வார்த்து, சில மைக்ரான் தூளாக அரைத்து, காந்தப் புலத்துக்குள் அழுத்தி, 1,000 டிகிரிக்கு மேல் சுட்டு, அறுத்து, சாணை பிடித்து, பூச்சுப் போட்டு, கடைசியில் காந்தமேற்ற வேண்டும். அந்தத் தூள் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கக்கூடியது. இப்படிச் சுட்டுச் செய்யும் காந்தங்களில் உலக உற்பத்தியின் 90 விழுக்காட்டுக்கும் மேல் சீனாவில் நடக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியதும், சில வாரங்களிலேயே வெவ்வேறு நாடுகளில் கார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்திவைக்க நேர்ந்தது. எங்கள் ஆலையில் அந்த நாட்களில் காலைக் கூட்டம் என்றாலே காந்த இருப்பைப் பற்றித்தான்.

அப்போது காரணத் தாள் எங்கள் பக்கமே திரும்பியது. காந்தம் சூட்டில் வலிமை இழக்காமலிருக்க டிஸ்ப்ரோசியம் சேர்க்கிறார்கள். 180 டிகிரி தாங்கும் ரகம் என்று எங்கள் வரைபடம் கேட்டது. காந்தத்தை அறுத்துச் சாணை பிடித்துத் தரும் வட்டார சப்ளையர், காரணத் தாளில் அந்த வரி காலியாக இருப்பதைக் காட்டி, "ரோட்டர் நிஜமாவே அவ்வளவு சூடாகுதா சார்?" என்று கேட்டார். டிசைன் துறை ரோட்டருக்குள் சென்சார் வைத்து அளந்தது. ஒரு மாடலில் 150 டிகிரி ரகமே தாராளமாகப் போதும் என்று தெரிந்தது. டிஸ்ப்ரோசியம் போன்ற கனமான அரிய மண் தனிமங்களின் தேவை அந்த மாடலில் அப்படியே இறங்கியது. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். அவருக்கு விலை கூடின ரகம் விற்றால் சரி.

காந்தமே இல்லாமல் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், செய்கிறார்கள். பி.எம்.டபிள்யூவும் ரெனோவும் ரோட்டரிலும் செம்புச் சுருள் வைத்த மோட்டார்களை ஓட்டுகின்றன. டெஸ்லாவின் தொடக்ககாலக் கார்கள் இண்டக்‌ஷன் மோட்டாரில் ஓடியவை. ஃபெரைட் காந்தமும் உண்டு, ஆனால் அதன் காந்தப்புலம் நியோடிமியத்தில் மூன்றில் ஒரு பங்குதான், மோட்டார் பெரிதாகும். ஒவ்வொரு வழிக்கும் வேறு வேறு திறமை வேண்டும். சுருள் ரோட்டர் என்றால் அதிவேகத்தில் கம்பி பிய்த்துக்கொண்டு போகாமல் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களை வட்டாரத்தில் இப்போதே வளர்க்கத் தொடங்கினால்தான் அந்த வழி நாளை திறந்திருக்கும்.

எல்லாவற்றையும் பக்கத்திலேயே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லேமினேஷன் தகட்டுக்கான மின்எஃகு ஆலை போன்ற பிரம்மாண்டமான முதலீட்டை ஒவ்வொரு வட்டாரத்திலும் போட முடியாது. அதற்கு இருப்பு வைத்துக்கொள்வதும், இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வாங்குவதும்தான் வழி. அடிக்கடி மாறும் உருப்படிகள், பயணத்தில் சேதமாகும் உருப்படிகள், இடத்தை அடைக்கும் உருப்படிகள் ஆகியவை பக்கத்தில் இருக்க வேண்டும். லேமினேஷன் அடுக்கு, சுற்றிய ஸ்டேட்டர், அலுமினிய உறை, சமன்படுத்திய ரோட்டர் எல்லாம் இந்த ரகம்.

இரண்டு இடத்தில் வாங்குவது என்றேன். அதையும் தோண்டிப் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கம்பி தரும் இருவரும் ஒரே எனாமல் தயாரிப்பாளரிடமிருந்து வாங்குகிறார்கள் என்பது, சப்ளையருக்குச் சப்ளை செய்பவர், அவருக்கும் சப்ளை செய்பவர் என்று மூன்றாம் அடுக்கு வரை போய்க் கேட்ட பிறகுதான் தெரிந்தது. காகிதத்தில் இரண்டு, நிஜத்தில் ஒன்று. 2011 மார்ச்சில் ஜப்பானில் பூகம்பம் வந்தபோது, கார் பெயிண்டுக்கு மினுமினுப்பு தரும் ஸிராலிக் என்ற நிறமி உலகத்திலேயே ஓனஹாமாவில் இருந்த ஒரே ஆலையில் செய்யப்பட்டது என்று கார் கம்பெனிகளுக்கு உறைத்தது. சில நிறங்களுக்கு ஆர்டர் எடுப்பதையே நிறுத்தினார்கள். கார் கம்பெனிகளுக்கு நேரடியாகப் பெயிண்ட் விற்றவர்கள் பலர். அவர்களுக்குப் பின்னால் இருந்தது ஒற்றை ஆலை.

வட்டாரம் பலமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஜப்பானிலேயே உதாரணம் இருக்கிறது. 1997 பிப்ரவரி 1 அன்று கரியா நகரில் ஐசின் செய்கி ஆலை எரிந்தது. டொயோட்டாவின் பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு கிட்டத்தட்ட முழுவதும் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. டொயோட்டாவிடம் இருந்ததோ சில மணி நேர இருப்பு. உற்பத்தி நின்றது. சுற்றியிருந்த அறுபது சொச்சம் நிறுவனங்கள் வரைபடங்களைப் பகிர்ந்துகொண்டு, தங்களிடம் இருந்த பொதுவான இயந்திரங்களிலேயே அந்த வால்வைச் செய்யத் தொடங்கின. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் அவற்றில் ஒன்று. சில நாட்களில் லைன்கள் மீண்டும் ஓடின. அந்த நிறுவனங்கள் பக்கத்தில் இருந்ததோடு ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தெரிந்தும் இருந்தது. அவர்களுக்கு ஐசினின் பொறியாளர்கள் எதையும் மறைக்காமல் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு பட்டறை எரிந்தால் அப்படி நடக்குமா என்று நிர்வாகக் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்றைய நிலையில் நடக்காது. முக்கியமான காரணம் பணம். கார்பைடு டை ஒரு சிறு பட்டறையின் மொத்தச் சேமிப்பையும் விழுங்கும். அதை நம்பிப் போட்டவரிடம் மாதத் தேவையை இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாற்றிச் சொல்கிறோம். பில் பணம் தருவதற்கு மாதக்கணக்கில் இழுக்கிறோம். அவர் வங்கி வட்டி கட்டி எங்கள் மோட்டாருக்கு முதல் போடுகிறார். இப்படி நடத்திவிட்டு வட்டார சப்ளையர்கள் வளரவில்லை என்று குறைபட நமக்கு உரிமை இல்லை.

அடுத்த மாடலுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் குறிப்பு இதுதான். டையின் விலையை நாங்கள் கட்ட வேண்டும், டை சப்ளையரிடம் இருக்கட்டும். முதல் ஆண்டுக்குக் குறைந்தபட்ச அளவு வாங்குவோம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். தகட்டுக்குள் வீணாகும் மின்சாரமான இரும்பிழப்பை அளக்கும் கருவியையும் பகுதி மின்னிறக்கம் பார்க்கும் கருவியையும் வட்டாரப் பட்டறைகள் எல்லோரும் வந்து பயன்படுத்தும்படி பொதுவான ஓர் ஆய்வகத்தில் வைக்க வேண்டும். தனித்தனியாக வாங்க அவர்களால் முடியாது. நேரடி சப்ளையருக்குப் போகும் காரணத் தாள் எனாமல்காரர் வரைக்கும் போக வேண்டும். ஆய்வகத்துக்கு நிதித் துறை சம்மதித்துவிட்டது. குறைந்தபட்ச அளவு பற்றித்தான் இன்னும் பேச்சு நடக்கிறது. அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.