கெலாத்தி: தென்வாசலில் உறங்கும் தாவீது மன்னர்

ஜார்ஜியாவில் குத்தாயிசி நகரிலிருந்து கெலாத்தி மடம் சுமார் 11 கி.மீ. மார்ஷ்ருத்கா என்கிற சிற்றுந்து நாளுக்குச் சில நடைதான் போய்வரும். இறங்கும்போதே ஓட்டுநரிடம் திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விட்டால் மலைச்சாலையில் டாக்சி பிடிப்பது பெரும்பாடு.

வந்தவர்கள் பெரும்பாலும் நேரே பெரிய கோயிலுக்குள் போய்விடுகிறார்கள். அப்படிப் போனால் மடத்தை எழுப்பியவரைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான். முதலில் தென்பக்கத்துப் பழைய வாசலுக்குப் போங்கள். இப்போது அது நடைவழி இல்லை; ஒருகாலத்தில் அதுதான் நுழைவாயில். அதன் தரையில் ஒரு நீண்ட கல் பதிந்திருக்கிறது. மடத்தை எழுப்பிய ஜார்ஜிய மன்னர் நான்காம் தாவீதின் கல்லறை என்று வணங்கப்படுவது அதுதான். உள்ளே வருகிற எல்லாரும் தன்னை மிதித்துப் போகட்டும் என்று மன்னரே கேட்டுக்கொண்டதாக மரபு. "இதுவே என்றென்றைக்கும் நான் இளைப்பாறும் இடம்" என்ற விவிலியச் சங்கீத வரி பழைய ஜார்ஜிய எழுத்தில் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. இன்று யாரும் மிதிப்பதில்லை. ஒதுங்கி நின்று சிலுவைக்குறி போடுகிறார்கள். அங்கே வலத்தோளைத் தொட்ட பிறகே இடத்தோள்.

இப்படிக் கேட்டவர் சாதாரண அரசர் அல்லர். 1089-இல் 16 வயதில் பட்டமேறியபோது நாடு செல்ஜூக்குத் துருக்கியருக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார். வடக்குப் புல்வெளி நாடோடிகளான கிப்சாக்குக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிப் படை திரட்டினார். 1121 ஆகஸ்ட் 12 அன்று தித்கோரி என்ற இடத்தில் செல்ஜூக்குப் படையை வென்று, மறு ஆண்டு திபிலீசி நகரையும் மீட்டார். நடுவே 1106-இல் இந்த மடத்தையும் இதன் கல்விக்கூடத்தையும் தொடங்கினார். அத்தனை வெற்றிக்கும் சொந்தக்காரர் எழுதி வைத்ததோ, தன் பாவங்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லி அழும் மனந்திரும்புதல் பாடல்கள்! கல்லறையின் முன் நிற்கும்போது தித்கோரியைவிட அந்தப் பாடல்களே பொருத்தமாகப் படுகின்றன.

அதே வாசலில் இரும்புக் கதவு ஒன்று இருக்கிறது. தாவீதின் மகன் முதலாம் திமித்ரி 1139-இல், இன்று அசர்பைஜானில் உள்ள கஞ்சா நகரிலிருந்து எடுத்து வந்தது. அதில் அரபு எழுத்துகளைப் பார்க்கலாம்.

பிறகு கன்னி மரியாள் பிறப்புப் பெருங்கோயில். பெண்கள் தலைக்கு முக்காடும் நீளப் பாவாடையும், ஆண்கள் முழுக்கால் சட்டையும் அணிய வேண்டும். பெஞ்சு கிடையாது, வழிபாடு முழுக்க நின்றபடிதான். மெல்லிய மெழுகுத்திரி வாங்கி, இன்னொரு திரியில் பற்றவைத்து மணல் தட்டில் ஊன்றுங்கள். ஆழமாக ஊன்றாவிட்டால் சாய்ந்து பக்கத்துத் திரியையும் கெடுக்கும்.

பீடத்துக்கு மேலே பொன்பரப்பில் குழந்தையோடு நிற்கும் அன்னை, இருபுறமும் வானதூதர்களான மிக்கேலும் கபிரியேலும். சிறு கற்களைப் பதித்துச் செய்த 12-ஆம் நூற்றாண்டு மொசைக். உற்றுப் பார்த்தால் கீழ்ப்பகுதியில் மினுமினுப்பு இருக்காது: கற்கள் உதிர்ந்த இடத்தை வண்ணம் தீட்டி நிரப்பியிருக்கிறார்கள். வடசுவரில் கையில் கோயிலின் சிறு வடிவை ஏந்தி நிற்பவர் தாவீது. புதுப்பிப்பில் மாற்றிய கூரை ஓடுகள் சரியில்லாமல் மழைநீர் இறங்கி ஓவியங்கள் சில பாழாகியிருக்கின்றன. சாரம் கட்டியிருந்தால் அதுதான் காரணம், சலித்துக்கொள்ளாதீர்கள்.

மன்னரின் திருநாள் பிப்ரவரி 8. குளிருக்குத் தக்க உடையோடு போங்கள். திரும்பும் வழியில் மோத்சமேதா மடத்தில் வேதசாட்சிகளான தாவீது (மன்னர் அல்ல, வேறொருவர்), கான்ஸ்டன்டைன் சகோதரர்களின் எலும்புகள் வைத்த திருப்பண்டப் பேழை உயரத்தில் இருக்கிறது. அதன் அடியில் மூன்று முறை நுழைந்து வருவது வழக்கம். இடம் தாழ்வு, முதுகுப்பையைக் கழற்றிவிட்டு நுழையுங்கள்.