உடுவில் விடுதியின் ஒரே உலை

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரி ஒரு வேளைச் சோற்றிலிருந்து பிறந்தது என்றே எங்கள் அப்பாச்சி சொல்லுவார். அவரும் அதே விடுதியில் வளர்ந்தவர். பெண்பிள்ளை எழுத்தறிந்தால் குடும்பத்துக்கு ஆகாதென்று ஊர் நம்பிய காலத்தில், கிறிஸ்தவ சமயப் பணிக்கு வந்த அமெரிக்க மிஷன் வீட்டுக்குத் தையல் பழக வந்த இரண்டு சிறுமிகள் மாரி மழையில் அகப்பட்டு வீடு திரும்ப முடியாமற் போயிற்றாம். பசி தாங்காமல் அழுத அப்பிள்ளைகள் அன்றிரவு அங்கேயே சோறு உண்டார்கள். உண்டபின் தங்கிப் படிக்கவும் வழி பிறந்தது. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கிய விடுதிப் பாடசாலையின் கதையாக இதையே நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தோம்.

அக்காலத்தில் படிப்பை முடித்து மணம் செய்யும் பெண்களுக்கு மிஷன் சிறு சீதனமும் கொடுத்தது. இது முறையா என்று இன்று கேட்பவர் உண்டு. பெற்றோர் பிள்ளையை இடையில் மறித்துக் கூட்டிச் செல்லாமலிருக்க அந்தச் சீதனம் உதவியது என்பதால், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

1840இல் வந்த எலிசா அக்னியூ அம்மையார் 1879 வரை, ஒரு தடவையேனும் தாய்நாடு திரும்பாமல் இங்கேயே பணியாற்றினார். ஆயிரம் மகள்மாரின் தாய் என்று அவரைச் சொல்லுவார்கள். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையினருக்கும் அவர் கற்பித்திருக்கிறார். விடுமுறை வந்தால் பழைய மாணவிகளின் வீடுகளுக்கே தேடிச் சென்று நலம் விசாரிப்பார். கடல் கடந்து வாழும் பழைய மாணவிகளாகிய நாம் இன்று ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் பழக்கம் அவரிடமிருந்து வந்ததென்றே நான் நம்புகிறேன்.

1960களில் நான் விடுதிக்குச் சென்ற முதல் இரவு புட்டும் சொதியும். அம்மாவை நினைத்துத் தொண்டை அடைத்ததால் புட்டு இறங்கவில்லை. மேசையின் தலைமாட்டில் இருந்த பெரிய வகுப்பு அக்கா எழுந்து வந்து, என் புட்டு நன்றாக ஊறும்படி சொதியை விட்டு, தன் பங்குச் சம்பலையும் என் கோப்பையின் ஓரத்தில் வைத்துவிட்டு, "சாப்பிடு பிள்ளை, நாளைக்கு அழலாம்" என்றார். அவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அந்த மேசையில் எவரும் கேட்டதில்லை. நான்கு வருடங்களின் பின் அதே கதிரையில் நான் இருந்தேன். வரணியிலிருந்து வந்த சின்னப் பிள்ளையொன்று கோப்பையைப் பார்த்தபடி விம்மிக்கொண்டிருந்தது. சொதிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.