செர்வோ டிரைவ் வாய் திறந்தது: சீரியல் இணைப்பில் இதுவரை

மேசை மேல் தொழிற்சாலை வகை செர்வோ டிரைவ் (மோட்டாரின் வேகத்தையும் நிலையையும் கட்டுப்படுத்தும் பெட்டி) ஒன்று, அதற்கான மோட்டார், யுஎஸ்பியை ஆர்எஸ்-485 (தொழிற்சாலைகளில் புழங்கும் சீரியல் இணைப்பு) ஆக்கும் கன்வர்ட்டர். டிரைவின் முகப்பில் இருக்கும் நான்கைந்து பட்டன்களை அழுத்தி அழுத்திப் பாராமீட்டர் (டிரைவின் அமைப்பு மதிப்பு) மாற்றுவது அலுத்துவிட்டது. பைத்தானிலிருந்தே செய்வோம் என்று இறங்கினேன்.

கணினியும் டிரைவும் பேசும் முறை மோட்பஸ் ஆர்டியு. 1979இல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினிகள்) கொண்டுவந்தது, இன்னும் ஓய்வு பெறவில்லை. அனுப்பியது இவ்வளவுதான்: 01 03 00 00 00 01, பின்னால் இரண்டு பைட் சிஆர்சி, அதாவது செய்தி வழியில் சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண். எல்லாம் ஹெக்ஸ், அதாவது பதினாறடிமான எண்கள். 01 டிரைவின் முகவரி. 03 என்றால் ரெஜிஸ்டரை (மதிப்பு இருக்கும் 16 பிட் இடம்) படி. அடுத்தவை எங்கிருந்து, எத்தனை. சிஆர்சியில் மட்டும் கீழ் பைட் முதலில் போகும், மற்றதெல்லாம் மேல் பைட் முதலில்.

பதில் இல்லை. இதுதான் மோட்பஸில் எரிச்சலூட்டும் விஷயம்: பாட் ரேட் (அனுப்பும் வேகம்), பாரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்), முகவரி, சிஆர்சி, கம்பி, எதில் கோளாறு இருந்தாலும் ஒரே மௌனம். ஏ, பி கம்பிகளுக்குப் பெயர் வைப்பதில்கூடத் தயாரிப்பாளர்கள் ஒத்துப்போவதில்லை. மாற்றி மாட்டிப் பார்த்தால் எதுவும் எரிந்துவிடாது என்பது ஆறுதல். கம்பியை மாற்றி, அப்புறம் பாரிட்டியை ஈவன் ஆக்கியதும் வந்தது: 01 83 02.

இது பிழைச் செய்திதான். 03இன் மேல் பிட்டை ஏற்றி 83 ஆக்கி, 02 மூலம் 'அந்த இடத்தில் ரெஜிஸ்டர் இல்லை' என்கிறது. ஆனால் அன்றைக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. டிரைவ் மறுக்கிறது என்றால், கேட்டிருக்கிறது என்று அர்த்தம். கம்பியும் வேகமும் பாரிட்டியும் சிஆர்சியும் ஒரே அடியில் சரி என்று நிரூபணம். மேனுவலின் பாராமீட்டர் எண்ணை அப்படியே முகவரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பின்னிணைப்பில் தனி அட்டவணை இருக்கிறது. அதைப் பார்த்ததும் எண்கள் வரத் தொடங்கின.

அடுத்த வேடிக்கை நிலை எண். மோட்டார் அச்சின் நிலையை அளப்பது 17 பிட் என்கோடர், ஒரு சுற்றுக்கு 131072 எண்ணிக்கை. அச்சைக் கையால் லேசாகத் தொட்டாலே எண் 65536, 65536 ஆகத் தாவியது. முழுச் சுற்று சுற்றினால் 2 மட்டுமே கூடியது! 32 பிட் எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் வருகிறது. எது முதலில் என்று மோட்பஸ் விதி சொல்வதில்லை. இந்த டிரைவ் கீழ்ப்பாதியை முதலில் தருகிறது. வரிசையைத் திருப்பியதும் ஒழுங்காகிவிட்டது.

எழுதுவதில் மட்டும் நிதானம். பாராமீட்டர்கள் ஈப்ராமில், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில், சேமிக்கப்படுபவை. அதற்கு எழுதும் ஆயுள் வரம்பு உண்டு. வேகத்தை லூப் போட்டு நொடிக்கு நூறு தடவை எழுதினால் சீக்கிரமே அது தேய்ந்துவிடும். சேமிக்காமல் எழுதும் வழி என் மேனுவலில் இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

அச்சில் எதையும் மாட்டாமல், மோட்டாரை மேசையோடு இறுக்கிக்கொண்டு, குறைந்த வேகத்தில் ஜாக் செய்தேன், அதாவது சோதனைக்காக ஓட்டிப் பார்த்தேன். ஓடும்போது சீரியல் கேபிளை வேண்டுமென்றே பிடுங்கினேன். மோட்டார் கவலையே படாமல் ஓடிக்கொண்டே இருந்தது. தொடர்பு அறுந்தால் நிறுத்தும் பாராமீட்டர் 0, அதாவது அணைத்தே வைத்திருந்தது. இப்போது போட்டுவிட்டேன், பிடுங்கினால் நிற்கிறது. ஆனாலும் அவசர நிறுத்தத்தை இதை நம்பி விடப்போவதில்லை. எஸ்டிஓ முனைகளுக்கு (மோட்டாரின் முறுக்குவிசையைத் துண்டிக்கும் பாதுகாப்பு முனைகள்) தனிக் கம்பி இழுத்த பிறகுதான் அச்சில் பெல்ட் ஏறும்.