மென்பொருள் பார்க்கும் குடல்

பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை மொட்டுகளான பாலிப்புகளைத் தேடி, குடலில் காற்று நிரப்பி எடுக்கப்படும் சி.டி. கொலோனோகிராஃபி என்ற எக்ஸ்-கதிர் ஸ்கேன்களோடு அன்றாடம் பழகுகிறவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மருத்துவரின் கண்ணுக்குத் துல்லியமாகத் தோன்றும் படம், பாலிப்பைச் சுட்டிக்காட்டும் கணினி மென்பொருளுக்கும் ஏற்ற படம் என்று எண்ணிக்கொண்டு ஸ்கேனரின் அமைப்புகளை முடிவு செய்யக் கூடாது.

அந்த மென்பொருள்களில் பல முதலில் காற்று நிரம்பிய குடலின் உட்புறத்தைப் பிரித்தெடுத்து, பிறகு சுவரின் ஒவ்வொரு புள்ளியிலும் வளைவைக் கணக்கிடுகின்றன. குவிந்த மேடாக இருந்தால் பாலிப்பாக இருக்கலாம். நீண்ட வரப்பாக இருந்தால் குடலின் இயல்பான மடிப்பு. ஆகவே சுவரின் மேற்பரப்பு படத்தில் எவ்வளவு உண்மையாகப் பதிகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

6 மி.மீ. பாலிப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதைவிடச் சிறியவற்றை அறிக்கையில் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. ஸ்கேனர் உடலைக் குறுக்குவெட்டுத் துண்டுகளாகப் படமெடுக்கிறது. கதிரை உணரும் பகுதிகள் ஒற்றை வரிசையாக இருந்த ஸ்கேனர்களின் காலத்தில், ஒவ்வொரு துண்டுக்கும் வழக்கத்தில் இருந்த 5 மி.மீ. தடிமனில் அந்தப் பாலிப் ஓரிரு படங்களில் மட்டுமே விழும். அவற்றிலும் பக்கத்துக் காற்றோடு கலந்து, மேடு மழுங்கி, படிக்கட்டுப் போல உடைந்துவிடும். 1998-இல் நான்கு வரிசை ஸ்கேனர்கள் வந்த பிறகே ஒரே மூச்சடக்கலில் வயிறு முழுவதையும் மெல்லிய தடிமனில் எடுப்பது எளிதாயிற்று. 1 மி.மீ. தடிமனில், ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி 0.8 மி.மீ. இடைவெளியில் அடுக்கினால், அதே பாலிப் ஏழெட்டுப் படங்களில் தன் உருண்டை வடிவம் கெடாமல் நிற்கும்.

ஆனால் தடிமன் குறையக் குறைய இரைச்சல், அதாவது படத்தில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும் கரகரப்பு, கூடும். 5 மி.மீ.-இலிருந்து 1.25-க்கு இறங்கினால் இரைச்சல் இரட்டிப்பாகும். அதைப் பழைய அளவுக்கே கொண்டுவரக் கதிர்வீச்சை நான்கு மடங்காக்க வேண்டியிருக்கும். இதை நான் ஏற்கவே மாட்டேன். இந்தச் சோதனைக்கு வருவோரில் பலர் எந்த நோய்க்குறியும் இல்லாதவர்கள். அவர்களை மல்லாக்கவும் குப்புறவும் படுக்கவைத்து இரண்டு முறை ஸ்கேன் செய்கிறோம். கதிர் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் காற்று ஏறத்தாழ -1000, குடல் சுவர் 40-ஐ ஒட்டி. இத்தனை பெரிய வேறுபாடு இருக்கும்போது, நடுத்தர உடல்வாகினருக்கு எக்ஸ்-கதிர்க் குழாயின் மின்னழுத்தம் 120 கிலோவோல்ட்டாக இருக்கையில், கதிர்வீச்சின் அளவை நிர்ணயிக்கும் மின்னோட்ட அமைப்பு 50 மில்லி ஆம்பியர் விநாடியோ அதற்குக் குறைவோ போதும்.

மீதி இரைச்சலை கெர்னலில்தான், அதாவது ஸ்கேனரின் தரவிலிருந்து படத்தை உருவாக்கும்போது கூர்மையையும் மென்மையையும் தீர்மானிக்கும் கணித வடிகட்டியில்தான், சமாளிக்க வேண்டும். கூர்மையான கெர்னல் விளிம்புகளைப் பளிச்சென்று காட்டும். கூடவே வழவழப்பான சுவரைச் சொரசொரப்பாக்கி, ஒவ்வொரு சொரசொரப்பையும் மென்பொருளின் முன் ஒரு குட்டி மேடாக நிறுத்திவிடும். மென்மையான கெர்னலே இதற்கு ஏற்றது. ஒருவரின் மூலத் தரவு, அதாவது படமாக மாறும் முன் ஸ்கேனர் பதிந்த அளவீடுகள், அழிக்கப்படாமல் இருந்தால், அவருக்கு மறுபடி கதிர்வீச்சே தராமல் தடிமனையும் கெர்னலையும் மாற்றி மாற்றி மென்பொருளிடம் கொடுத்துப் பார்க்கலாம். நான் முதன்முதலாக அப்படிச் செய்தபோது, கூர்மையான கெர்னலில் இடுப்பெலும்புகளுக்கு நடுவே மலக்குடல் சுவரெங்கும், பாலிப் என்று மென்பொருள் இட்ட குறிகள் சிதறிக் கிடந்தன. மென்மையான கெர்னலில் அங்கே எஞ்சிய ஒரே குறி, காற்று செலுத்தும் குழாயின் மேல் இருந்தது.

கிலோவோல்ட்டைக் குறைப்பதில் கூடுதல் கவனம் வேண்டும். 100-க்கு இறக்கினால், எஞ்சிய மலத்தையும் நீரையும் அடையாளப்படுத்தக் குடிக்கவைத்த அயோடின் மேலும் வெளுப்பாகத் தெரியும். அது நன்மைபோலத் தோன்றினாலும், அந்த நீரில் மூழ்கிய பாலிப்பின் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணும் பொய்யாக உயரக்கூடும். அப்போது மென்பொருள் அதையும் அயோடின் ஏறிய கழிவாக எண்ணி நீரோடு சேர்த்துப் படத்திலிருந்து துடைத்துவிடலாம். குடல் சரியாக விரியாமல் சுருங்கிக் கிடந்தாலோ எந்த அமைப்பாலும் பயனில்லை.

எந்த அமைப்பை மாற்றினாலும் பிடிபட்ட பாலிப்புகளோடு பொய்க் குறிகளையும் எண்ணிப் பார்க்கிறேன். பொய்க் குறிகளைத் தள்ளித் தள்ளிப் பழகிய மருத்துவரின் கை, ஒரு மடிப்பின் பின்னால் இருக்கும் உண்மையான 8 மி.மீ. பாலிப்பின் குறியையும் அதே வேகத்தில் தள்ளிவிட்டுப் போய்விடக்கூடும்.