சென்னை – சிங்கப்பூர்: 2,900 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்?

சென்னையில் இருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். டிக்கெட்டில் இரவு 11.15க்குக் கிளம்பி காலை 6.00க்கு இறங்கும் என்று போட்டிருந்தால், ஆறே முக்கால் மணி நேரம் பறக்கப்போகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் 4 மணி 15 நிமிடம். திரும்பும்போது கூட்ட வேண்டும்: இரவு 8.00க்குக் கிளம்பி 9.40க்குச் சென்னை என்றால் பயணம் 4 மணி 10 நிமிடம்.

இதுவும் முழுக்க வானத்தில் போகும் நேரம் இல்லை. இங்கே கேட்டை விட்டு நகர்வதில் தொடங்கி அங்கே கேட்டில் போய் நிற்பது வரை சேர்ந்த கணக்கு. ஏ320 ரக விமானம் உயரத்தில் மணிக்கு 830 கி.மீ. போகும் என்றால், 2,900 கி.மீ.க்கு மூன்றரை மணி. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, அதற்கு 15 நிமிடம். இரண்டு ஊரிலும் தரையில் ஊர்வதற்கு 20, 25 நிமிடம். மிச்சம் கொஞ்சம் தாமதத்துக்காக விமான நிறுவனம் சேர்த்து வைப்பது. ‘முன்கூட்டியே இறங்கிவிட்டோம்’ என்ற அறிவிப்பு பல சமயம் இந்த மிச்சத்தில் இருந்துதான் வருகிறது. 900 கி.மீ. வேகத்தில் போகும் 787, ஏ350 போன்ற பெரிய விமானம் என்றால் கால் மணி நேரம் மிச்சமாகும், அவ்வளவுதான்.

அடுத்தது காற்று. கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே வந்தால் தாமதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். டெல்லி–லண்டன் தடத்துக்கு அது சரி. இந்தத் தடத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கதையே வேறு: அந்த உயரத்தில் அப்போது காற்று கிழக்கில் இருந்து வீசும். மணிக்கு 60 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது தரைவேகம் 770, அதாவது 3 மணி 46 நிமிடம்; வரும்போது 890, 3 மணி 15 நிமிடம். அரை மணி வித்தியாசம். குளிர்காலத்தில் இது பெரிதாகத் தெரியாது.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை இன்னொரு தொல்லை, சுமத்ரா பக்கமிருந்து வரும் புயல்மழைக் கோடு. பெரும்பாலும் விடியற்காலையிலும் காலையிலும்தான் வரும். சென்னை இரவு விமானங்கள் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும் நேரமும் அதுவே. வந்துவிட்டால் வட்டமடிக்க வேண்டியதுதான். அங்கிருந்து தனி டிக்கெட்டில் வேறு ஊருக்குப் போகிறவர்கள் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள். ஒரே டிக்கெட் என்றால் இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பாடு.

12ஆம் தேதி 00.30 என்று போட்டிருந்தால் 11ஆம் தேதி இரவே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும்.