காட்டுக்குள் ஒரு கூரை

அடர்ந்த காட்டு மக்களோடு தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, வேதாகமத்தை மொழிபெயர்க்கப் போகும் மிஷனரி குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது பெரிய மனக்குறை. பல இடங்களுக்குச் சாலையே கிடையாது. தகரம், ஆணி, குழாய் எல்லாம் சிறிய விமானத்தில், கிலோ கிலோவாக எடை பார்த்துத்தான் போகும். மரத்தை அங்கேயே அறுத்து, ஈரமும் கரையானும் எட்டாதபடி கால் நட்டு உயரத்தில் கட்டுகிறார்கள். அப்புறம், தகரக் கூரையில் விழும் மழை நேராகத் தொட்டிக்கு, அதுதான் குடிநீர். 1948இல் ஈக்வடார் போன மிஷனரி விமானி நேட் செயின்ட்கூட, அங்கே காட்டோரத்தில் இருக்கும் ஷெல் மேரா என்ற ஊரில் முதலில் வீடு கட்டத்தான் வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பு முடிய 10, 20 வருஷம்கூட ஆகும், அதுவரை பிள்ளைகள் நனையாமல் தூங்க வேண்டுமே! தச்சு வேலையோ வயரிங்கோ தெரிந்தவர்கள், இரண்டு வாரம் விடுப்பு எடுத்தாவது ஒருமுறை போய்வாருங்கள்.